துக்கத்துக்குப் பதினாறு வயது

கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறு மலையிலும் அழுவதற்குப் பாட்டு இருக்கிறது, சடங்கு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு நாவல்தான் இல்லை.

பொள்ளாச்சியில் பஸ் ஏறி கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. கடைப் பலகைகளில் எழுத்து மாறும். வண்டிக்குள் பேச்சு மாறாது. கொழிஞ்சாம்பாறையில் இறங்கும்வரை ‘ஏனுங்க’வும் ‘அம்மிணி’யும் கூடவே வரும். நான் இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடைச் சுவரில் இரண்டு சுவரொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஒரே பெரியவர், ஒரே போட்டோ, நெற்றியில் அதே திருநீறு. ஒன்றில் தமிழில் ‘கண்ணீர் அஞ்சலி’. இன்னொன்றில் மலையாளத்தில் ‘ஆதராஞ்ஜலிகள்’. மலையாளச் சுவரொட்டியின் கீழே ஒரு சங்கத்தின் பெயர் மட்டும். தமிழில் மகன், மருமகள், பேரன், பேத்தி என்று இடம் போதாமல் எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியில் பேரப்பிள்ளைகள் எறும்பு மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு சாவு, இரண்டு மொழி. ஊர் மரியாதை ஒன்றில், வீட்டு அழுகை மற்றதில். என் கண் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவருக்குப் பதினாறு வயதிருக்கும். அந்த வயதின் துக்கத்துக்கு எந்த மொழி?

இங்கிருந்து மேற்கே, சித்தூரில் ஓடும் ஆற்றுக்குச் ‘சோகநாசினி’ என்று பெயர். சோகத்தை அழிப்பவள். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தன் கடைசிக் காலத்தை இந்தக் கரையில் கழித்தார். பெயரும் அவர் வைத்தது என்கிறார்கள். அந்த ஆற்றில் சேரும் தண்ணீரில் ஒரு பங்கு ஆனைமலையில் பிறந்து ஆழியாறாக இறங்கி வருவது. தமிழ் மலையில் பிறந்து மலையாளக் கரையில் சோகம் தீர்க்கப் போகிற தண்ணீர். நடுவில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையோ மழை மறைவுப் பகுதி.

நாற்காலி தூக்கும் வயசு

எழவு வீட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஒப்புச் சொல்லி அழுவார்கள். ஆண்கள் வாசலில் பந்தலுக்கடியில் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள். பதினைந்து, பதினாறு வயசுக்குத்தான் எங்கேயும் இடம் கிடையாது. “கண்ணு, நாற்காலி அம்பது சொல்லீட்டு வா.” “அம்மிணி, வந்தவீங்களுக்கு டீ குடு.” உள்ளே அப்பாரு ஐஸ் பெட்டியில் கிடக்கிறார், பேரன் வாடகைப் பாத்திரத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறான். அவன் உட்கார்ந்து அழுவதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிடும்.

இந்த வயதுக்காரர்களுக்காகவே எழுதப்படும் இளையோர் நாவல் இன்று உலகம் முழுக்க ஒரு தனி வகை. அதில் துக்கத்துக்குப் பெரிய பங்கு. பாட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ 2011-இல் வந்தது. கதைக் கரு ஷிவான் டௌட் என்ற எழுத்தாளருடையது. அவர் 2007-இல் புற்றுநோயில் இறந்துபோனதால், மிச்சத்தை நெஸ் எழுதினார். அம்மா சாகக் கிடக்கும் பதின்மூன்று வயதுப் பையனிடம் நள்ளிரவில் ஒரு மரம் நடந்து வருகிறது. மூன்று கதை சொல்கிறது. நான்காவது கதையை நீ சொல்ல வேண்டும் என்கிறது. அவன் சொல்லப் பயப்படுவது ஒன்றே ஒன்று: இந்த வேதனை சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று மனசுக்குள் நினைத்துவிட்டான். நோயாளியோடு பல மாதம் ஒரே வீட்டில் இருந்த எவருக்கும் இந்தக் குற்றவுணர்ச்சி தெரியும். வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று விழுங்கிவிடுவோம். அந்த நாவல் விழுங்க விடுவதில்லை.

எலிசபெத் அசெவேடோவின் ‘கிளாப் வென் யூ லேண்ட்’ 2020-இல் வந்த கவிதை நாவல். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்குக் கிளம்பிய விமானம் விழுந்து 265 பேர் இறந்தார்கள். அந்த நிகழ்ச்சியின் நிழலில் எழுதிய கதை. ஒரே அப்பா, இரண்டு ஊர், இரண்டு குடும்பம். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்திக்குத் தெரியாத இரண்டு மகள்கள். தீவில் வளரும் பெண்ணின் அத்தை மூலிகை வைத்தியம் பார்ப்பவள், முன்னோருக்கு விளக்கேற்றுபவள். துக்கம் ஒன்று, அதைத் தாங்கும் முறை ஊருக்கு ஊர் வேறு. பிழைப்பு ஓரிடத்தில், பூர்வீகம் வேறிடத்தில் என்று வாழும் குடும்பங்களின் கதை அது. நம் மலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா?

பெட்டிமுடியும் கயத்தாறும்

2020 ஆகஸ்ட் 6. இடுக்கி மாவட்டம், ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. விடாத மழை. இரவில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் இறங்கியது. தொடர்பெல்லாம் அறுந்து கிடந்ததால் விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குச் சேதி போனது. செத்தவர்கள் 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன; நான்கு பேர் கிடைக்கவே இல்லை. பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த நேரம். எல்லை தாண்டி எழவுக்கு வருவதே பெரும்பாடு. ராஜமலையிலேயே குழிகள் வெட்டி அடக்கம் செய்தார்கள். தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்த ‘குவி’ என்ற நாயை நாடே பேசியது. உயிர் பிழைத்த பிள்ளைகள் அடுத்த வருடம் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பக்கத்துப் பெஞ்சு காலியாக இருந்ததா என்று பேச ஆளில்லை.

கிடைக்காத அந்த நான்கு பேரை நினையுங்கள். உடல் இல்லாமல் எப்படிக் கருமாதி வைப்பது? பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இத்தகைய இழப்புக்கென்றே ஒரு பெயர் கொடுத்தார். போனார்களா இருக்கிறார்களா என்று தெளியாத இழப்பு. போர் நடந்த ஈழத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார்களிடம் கேட்டால் பெயர் வைக்காமலே அதை விளக்குவார்கள். மாலையும் போட முடியாது, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டவும் மனசு வராது. அந்தப் போட்டோ அலமாரியிலேயே இருக்கும்.

மலையில் துக்கம் வழிவழியாக வருகிறது, வீடு வருவதில்லை. லயம் கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீடு தங்க வேண்டுமானால் வீட்டில் ஒருவராவது கொழுந்து கிள்ள வேண்டும். பாட்டி கூடை அம்மா தோளுக்கு, அம்மா கூடை மகள் தோளுக்கு. 1924-இல் வந்த பெருவெள்ளம் மூணாற்றின் குண்டளை ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்று கேரளம் முழுக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் கழித்துப் பெட்டிமுடி. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு ‘பெண்பிளை ஒருமை’ என்று மூணாறு வீதியில் உட்கார்ந்த தமிழ்ப் பெண்கள் அந்தக் கூடைகளின் கணக்கைத்தான் கேட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தபோது வீட்டில் சோறாக்கித் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்ட மகள்களுக்கு அன்று என்ன வயது இருந்திருக்கும்?

பாட்டன் போட்ட வேலி

தலைமுறைக் காயம் என்ற சொல் இன்று மனநல நிபுணர்களின் வாயில் அடிபடுகிறது. தாத்தா பட்ட அடி பேரனுக்கு வலிப்பது. யூத இனப் படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பார்த்து உருவான ஆராய்ச்சி அது. ஆனால் கொங்கு நாட்டில் உடுக்கடித்துப் பாடுகிறவருக்கு இது புதுச் செய்தி இல்லை.

அவர் பாடும் அண்ணமார் சாமி கதையைக் கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கியிருந்து ஒலிப்பதிவு செய்தார். அந்த வடிவத்தில் கதை பாட்டனிடம் தொடங்குகிறது. பயிரைக் காக்கப் பாட்டன் போட்ட வேலியில் சிக்கிப் பசுக்கள் சாகின்றன. அந்தப் பாவம் வம்சத்தின் மேல் மலடாக இறங்குகிறது. மருமகள் தாமரை பல காலம் தவம் கிடந்து பிள்ளை வரம் வாங்குகிறாள். பொன்னரும் சங்கரும் பிறக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஆயுசு பதினாறு. தங்கை தங்காள் காட்டில் அலைந்து அண்ணன்மாரின் உடலைத் தேடுகிறாள். தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள். கொஞ்ச நேரம் பேசுகிறார்கள், மறுபடியும் போய்விடுகிறார்கள்.

பாட்டன் செய்த தப்பு, அம்மா பட்ட பாடு, பதினாறில் முடிகிற ஆயுசு, மிஞ்சி நிற்கிற தங்கை. கொங்கு நாட்டின் முதல் இளையோர் நாவல் இதுதான் என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம். பெக் அம்மையாருக்கும் ஏதோ அப்படித் தோன்றியிருக்க வேண்டும். பின்னாளில் இதே கதையை 26 பகுதி கார்ட்டூன் தொடராக்கினார்.

இந்தக் கதையைச் சடங்காக நிகழ்த்தும் படுகளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவிலும், கொங்கில் கதை படிக்கும் பல ஊர்களிலும் நடப்பது. உடுக்கை உச்சத்துக்குப் போகும்போது கூட்டத்தில் நிற்கிற இளவட்டங்கள் அருள் வந்து தடால் தடாலென்று விழுவார்கள். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்துவார்கள். மூச்சு இருக்கிறதா என்று தெரியாது. சுற்றி நிற்கிற பெண்கள் நிஜமாகவே அழுவார்கள், தன் வீட்டுச் சாவுக்கெல்லாம் சேர்த்து. பிறகு தங்காளின் தண்ணீர் வரும். முகத்தில் பட்டதும் ஒவ்வொருவராக எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பார்கள். அந்த முழியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். தூங்கி எழுந்தவன் முழி இல்லை அது. போய்விட்டு வந்தவன் முழி.

எழவு வீட்டில் நாற்காலி தூக்கச் சொன்ன அதே ஊர், வருடத்தில் ஒரு நாள் அவனை நடுவில் கிடத்தி, அவனுக்காக அழுது, அவனை எழுப்பியும் விடுகிறது. முன்னோர்கள் இந்த வயசை மறக்கவில்லை. நாம்தான் மறந்தோம்.

எதிரி யார், நம்மாளு யார்?

கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பேச்சிலும் உறவிலும் அவர் கொங்கின் மேற்கு விளிம்பு. ஆனால் சித்தூர்த் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு கேரளம். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் ‘கொங்கன்படை’ என்று ஒரு விழா. கொங்கு மன்னன் படையெடுத்து வந்ததையும் பகவதி அவனை முறியடித்ததையும் ஊரே நடித்துக் காட்டும். வேடிக்கை பார்க்கப் போகிற கொங்குத் தமிழ்ப் பிள்ளை எந்தப் பக்கம் கைதட்டுவது? அம்மன் நம் அம்மன்தான். தோற்பவனும் நம்மாளு மாதிரிதான் இருக்கிறான். ஒரு நாவலாசிரியருக்கு இந்த ஒரு மாலை போதும்.

இதற்கு மாற்றாக இன்னொரு காட்சியும் பாலக்காட்டில் இருக்கிறது. பத்ரகாளி கோயில் கூத்துமாடங்களில் இரவெல்லாம் தோல்பாவைக் கூத்து. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் காளிக்கு ராம ராவண யுத்தத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லையாம், அவளுக்காக ஆடிக்காட்டுகிறார்கள். பாவையை ஆட்டுகிறவர் வீட்டில் பேசுவது மலையாளம். வாயில் வருவது கம்பன் பாட்டு. அப்பன் சொல்ல மகன் மனப்பாடம் செய்து, தலைமுறை தலைமுறையாக வந்த தமிழ். ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கலைக்காகத்தான். மரபுக்கு எல்லைக்கோடு தெரியாது. எல்லையில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் அது தெரிந்தாக வேண்டியிருக்கிறது. வேலைக்கு மலையாளம், பெரிய படிப்புக்கு இங்கிலீஷ், ஆத்தா செத்தால் அழுவதற்குத் தமிழ்.

இலக்கியத்தில் இந்த மண்ணுக்குப் பெரிய இடம் உண்டு. ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ பிறந்தது பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தில். விஜயனின் சகோதரி 1956-இல் அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தார். 1969-இல் புத்தகமாக வந்த அந்த நாவலைத் தமிழில் கொண்டுவந்தவர் யூமா வாசுகி. 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி மொழிபெயர்ப்பு விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் அது ஊருக்கு வரும் வாத்தியாரின் குற்றவுணர்ச்சிக் கதை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கதையைப் பிள்ளைகள் சொல்ல இன்னும் பாக்கியிருக்கிறது.

பொம்மைகள் பேசத் தொடங்கிவிட்டன

தமிழில் ஒன்றுமே இல்லை என்று புலம்புவது எளிது. உண்மை அது இல்லை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சிறுவர்கள் மீதான பாலியல் தொல்லையை அவர்களிடமே பேசியது. 2020-இல் பால சாகித்திய விருது பெற்றது. 2023-இல் அதே விருது உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கு. கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். ஆதன் என்பது அங்கே கிடைத்த பானை ஓட்டில் இருக்கும் பெயர். அடுத்த ஆண்டு யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. எழுத ஆளிருக்கிறது.

ஒன்றைக் கவனிக்கலாம். சொல்ல முடியாததைச் சொல்ல ஒருவருக்கு மரப்பாச்சி தேவைப்பட்டது. இன்னொருவர் புத்தகத்தின் பெயரிலேயே பொம்மை இருக்கிறது. இரண்டும் முன்னோர் கைபட்ட பொருள்கள். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைகள் பரணில் கிடப்பதை எடுத்துப் பேச வைக்கிறார்கள். நம் இளையோர் எழுத்து தன் வழியைத் தானே கண்டுபிடித்திருக்கிறது. அந்த வழி இன்னும் எழவு வீட்டுக்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கான எழுத்தில் கச்சாப்பொருள் கொட்டிக் கிடக்கிறது. தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் வால்பாறைத் தொழிலாளர்களின் வாழ்வை 1969-இல் ஆங்கில நாவலாக்கினார், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார்; பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அதுவே அடிப்படை. நிலம் ஆனைமலை என்றாலும், கங்காணி பேச்சை நம்பி மலையேறிய கதை மூணாற்றுக்கும் அதுதான். யூமா வாசுகியின் ‘ரத்த உறவு’ குடிகாரத் தகப்பன் வீட்டில் பிள்ளைகள் படும் பாட்டைப் பிள்ளைகளின் கண்ணால் பார்க்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கூப்பிடு தூரத்தில் பிளாச்சிமடை. 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கிணறுகள் கெட்டன. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007-இல் மயிலம்மா இறந்தார். அவர் சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதிய வாழ்க்கைக் கதை தமிழிலும் வந்திருக்கிறது. ஒரு பாட்டி தன் கிணற்றின் சாவைச் சொல்கிற கதை. பேத்தி அதைக் கேட்டுக்கொண்டு என்ன நினைத்தாள் என்பதை யாராவது எழுதினால், இந்த மண்ணின் இளையோர் நாவல் அங்கே தொடங்கிவிடும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

துக்கத்தை எழுதும்போது அறிவுரை எழுதிவிடக் கூடாது. ‘காலம் ஆற்றும்’, ‘தைரியமாக இரு’ என்று எழவுக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவதையே புத்தகமும் சொன்னால், பிள்ளை அட்டையை மூடிவிட்டுப் போனை எடுத்துக்கொள்ளும். ஒப்பாரி ஒருநாளும் ஆறுதல் சொன்னதில்லை. செத்தவரை ‘நீ’ என்று எதிரே நிறுத்தி வழக்குப் பேசும். என்னை விட்டுப் போனாயே என்று தொடங்கி, சீர் கொண்டுவராத அண்ணன், சோறு போடாத மருமகள், பாகம் பிரித்த பங்காளி எல்லாரையும் இழுக்கும். அந்தக் கோபம் இருப்பதால்தான் அழுது முடித்தவளுக்கு எழுந்து முகம் கழுவத் தெம்பு வருகிறது. மரபைக் கண்காட்சிப் பொருளாகத் துடைத்து வைக்கவும் வேண்டாம். அதே சடங்குக்குள் சாதி இருக்கிறது; யார் பறையடிப்பது, யார் குழி வெட்டுவது, தாலி அறுத்தவள் எந்த மூலையில் உட்காருவது என்ற கணக்கு இருக்கிறது. பதினாறு வயசுக்காரி அதைக் கேள்வி கேட்பாள். நாவல் அவள் வாயைப் பொத்தக் கூடாது.

படிக்க இடமும் இருக்கிறது. வாசகசாலை இல்லாத கேரள ஊரைப் பார்ப்பது அரிது, பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் கொடை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. எல்லையோரப் பள்ளிகளில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கெல்லாம் தமிழ் அலமாரியில் இந்த வயதுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கலாம். அதே வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு வேலையும் கொடுக்கலாம்: உங்கள் ஆத்தாவோ அமுச்சியோ கடைசியாக யாருக்காக ஒப்பு வைத்து அழுதார், என்ன சொல்லி அழுதார் என்று கேட்டு எழுதி வாருங்கள். பத்து நோட்டுப் புத்தகம் சேர்ந்தால் அதில் ஒன்று நாவலாகும்.

ஊர் திரும்பும்போது அதே டீக்கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பையன் சரக்கு ஆட்டோவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, வாடகைக் கடை வாசலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை. மயிர் இன்னும் முளைக்கவில்லை. கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு ரெண்டு குறையுது என்றார். அவன் பதில் சொல்லவில்லை. கடைசி நாற்காலியை மட்டும் அடுக்காமல் தனியாக இழுத்துப் போட்டு, அதிலேயே உட்கார்ந்துகொண்டான்.